கிழங்குகளை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்

குளிர் நாட்டுத் தோட்டக்காரர்களிடம் இந்த வசந்தத்திலும் அதே கதைதான். ஆலோசனைக்கு வந்த பையைப் பிரித்தால், வண்ண இலைக்காக வளர்க்கும் கலேடியம் செடியின் கிழங்குகள். பார்வைக்குக் குறையில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் மாவாய் உள்ளே போகிறது, பழுப்பு நீர் கசிகிறது. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்கவே வேண்டாம், ஃபிரிட்ஜில்தான்.

டியூலிப்புக்குக் குளிர் வேண்டும். பல வாரம் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அதைப் படித்துவிட்டு எல்லாக் கிழங்குக்கும் அப்படியே செய்கிறார்கள். வெப்ப மண்டலக் கிழங்கு குளிருக்காக உறங்குவதில்லை. மழை நின்று மண் காய்வதால் உறங்குகிறது. அதற்கு வேண்டியது காய்ந்த ஓய்வு. ஃபிரிட்ஜின் 4 டிகிரி அதற்கு ஓய்வு அல்ல, சாவு. கலேடியத்தை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே விடவே கூடாது. கல்வாழை 7 முதல் 10 டிகிரி வரை தாங்கும். டேலியா மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடி, 5 டிகிரியிலும் பிழைக்கும். ஆனாலும் உறைந்தால் எதுவும் தப்பாது.

அடுத்த அவசரம் நடவில். பனி உருகியதும் காற்று சூடாகிவிடும், மண் ஆகாது. காலையில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் தெர்மோமீட்டரைச் செருகிப் பாருங்கள். கல்வாழைக்கும் டேலியாவுக்கும் 15 டிகிரியாவது வேண்டும், கலேடியத்துக்கு 20. அதுவரை பொறுக்க முடியாதா? ஆறு வாரம் முன்பே வீட்டுக்குள் தொட்டியில் முளைக்க விடுங்கள். கோடை குறுகிய ஊர்களில் நிலச்சம்பங்கி பூக்க இதுவே வழி. முளை தெரியும் வரை மண் லேசாக ஈரமாக இருந்தால் போதும், தயவுசெய்து தினமும் ஊற்றாதீர்கள்.

இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி பட்டுக் கல்வாழை இலை கருத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டித் தோண்டுங்கள். கலேடியத்தை அதற்கும் முன்பே எடுத்துவிடுங்கள். சில நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த தென்னை நார்த்தூளில் புதைத்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். மாதம் ஒருமுறை திறந்து, அழுகியதை எடுத்து எறியுங்கள்.

செங்காந்தள் வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதன் முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் துளிர்க்காது, பதமாகத் தோண்டுங்கள். அந்தக் கிழங்கில் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, தின்றால் உயிர் போகும். காய்கறிக்கு நடுவே அதை வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். கையுறை போட்டு எடுங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'நஞ்சு' என்று எழுதி, சமையலறைக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.