புனைபெயருக்கு இறப்புச் சான்றிதழ் கிடையாது

சிங்கப்பூரில், அந்திமகாலப் பராமரிப்பில் மருத்துவச் சமூகப் பணியாளராக இருப்பதால் சாவைப் பற்றிப் பேசுவது எனக்கு அன்றாட வேலை. உயில், மத்திய சேம நிதிப் பணம் யாருக்கு, மூச்சு நிற்கும்போது கருவி பொருத்த வேண்டுமா என்பதையெல்லாம் குடும்பங்கள் இழுத்தடித்தாலும் ஒருவழியாகப் பேசிவிடுவார்கள். பேசப்படாமலே போவது கைப்பேசிக்குள் இருக்கும் இன்னொரு ஆளைப் பற்றி.

அறுபதைத் தாண்டிய ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நுரையீரல் புற்றுநோய், மூக்கில் ஆக்சிஜன் குழாய். பழைய திரைப்பாடல் ரசிகர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் அவருக்குப் புனைபெயர். கறுப்புக் கண்ணாடி போட்ட இளவயதுப் படம். தினமும் ஒரு பாட்டுப் புதிர் போடுவார். மதுரையிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பதில் வரும். சில நாள் புதிர் வராமல் போனதும், “அண்ணே, டூரா?” என்று யாரோ கேட்டார். தாதி குழாயைச் சரிசெய்துகொண்டிருக்க, இவர் ஒற்றை விரலால் தட்டினார்: “ஆமா தம்பி, ஜப்பான்.”

மனைவிக்குக் கோபம். “சாகப்போற நேரத்துலயும் ஊருக்கெல்லாம் பொய்யா?” என்றார்.

“ஏன் அங்கிள், சொல்லிட்டா என்ன?” என்று நானும் கேட்டேன்.

“சொன்னா அங்கயும் நலம் விசாரிக்க ஆரம்பிச்சிடுவாங்கம்மா. புதிருக்கு யாரு பதில் சொல்வா?”

அந்த முகமூடியைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாவை ஏற்க மறுக்கிறார் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று வார்டில் எல்லோரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும். நோயாளி என்ற பட்டம் இல்லாமல் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எல்லா முகமூடியையும் இப்படி விட்டுவிட முடியாது. சொந்தப் பெயரில் தீபாவளி ஒளியூட்டுப் படம் போடுகிற அதே பிள்ளை, பெயரில்லாத கணக்கில் நள்ளிரவில் “இருந்து என்ன ஆகப்போகுது” என்று எழுதுவதுண்டு. சாவைப் பற்றி யோசிப்பது வேறு, சாக வேண்டும் என்று நினைப்பது வேறு. எது என்று தெரியாவிட்டால் நேராகவே கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767, தேசிய மனநல உதவி எண் 1771; இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. தற்கொலை முயற்சி 2020 முதல் இங்கே குற்றமில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து உதவி கேட்காமல் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, கணக்குகளுக்கு வருவோம். எல்பிஏ பத்திரம் (நம்மால் முடிவெடுக்க முடியாமல் போனால் நமக்காக முடிவெடுக்க ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்) எழுதிக் கொடுத்திருக்கிறேன், மகள் பார்த்துக்கொள்வாள் என்பார்கள். அந்த அதிகாரம் நம் மரணத்தோடு முடிந்துவிடும். ஃபேஸ்புக்கில் நமக்குப் பிறகு பக்கத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்கலாம்; அவரால் நம் தனிப்பட்ட மெசேஜ்களைப் படிக்க முடியாது. கூகுளில், கணக்கு 3 மாதம் முதல் 18 மாதம் வரை அசையாமல் கிடந்தால் யாருக்குத் தெரிவிப்பது, எதைக் கொடுப்பது, எதை அழிப்பது என்று முன்பே சொல்லி வைக்கலாம்.

புனைபெயரில்தான் சிக்கல். இறப்புச் சான்றிதழில் அடையாள அட்டைப் பெயர்தான் இருக்கும். அந்தக் கணக்கு நம்முடையது என்றே வீட்டில் தெரியாவிட்டால் யார் போய் எதை நிரூபிப்பது? பல வருடம் பேசிப் பழகியவர்களுக்குச் சாவுச் செய்தியே போகாது. “என்ன ஆளையே காணோம்” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அதனால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்பே சொல்லி வைக்கிற முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் பற்றிப் பேச உட்காரும்போது, இப்போதெல்லாம் கடைசியில் நானே கேட்டுவிடுகிறேன்: “வேற பேர்ல எங்கயாவது இருக்கீங்களா? அங்க யாருக்காவது சொல்லணுமா?” சிலர் சிரிப்பார்கள். சிலர் துணைவரை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்வார்கள்.

புதிர் போட்ட அங்கிள் பொறுப்பை அக்கா மகனிடம் கொடுத்தார். குழுவுக்குத் தகவல் சொல்ல வேண்டும், படத்தை மாற்றக்கூடாது, பழைய மெசேஜ்களை யாரும் திறக்கக்கூடாது. மனைவிக்கு இந்த மூன்றாவதுதான் பிடிக்கவில்லை. ஆனாலும் அதுவும் அவருடைய விருப்பம்தானே என்று எழுதிக்கொண்டோம்.