சிமரோன்: கட்டாக்காலியும் கட்டறுத்தவரும்

ஸ்பானிய அகராதியில் 'சிமரோன்' என்ற சொல்லுக்கு நேரே, ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக நிற்கும். பட்டியை விட்டுப் போய்க் காட்டில் பெருகிய மாடு, பன்றி. தோட்டச் செடிக்குக் காட்டில் உள்ள இனம். அர்ஜென்டினா, உருகுவாய்ப் பக்கம் சர்க்கரை சேர்க்காமல் குடிக்கும் மாத்தே பானம். எஜமானிடமிருந்து தப்பி மலைக்குப் போன அடிமை. மெக்சிகோவின் பெருங்கொம்புக் காட்டாட்டுக்கும் இதே பெயர்தான். கோஸ்டா ரிக்காவிலோ ஊர்த் திருவிழாவில் ஊதி முழக்கும் பாண்டு வாத்தியக் குழுவுக்குச் 'சிமரோனா' என்று பெயர். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை.

நமக்கு வேண்டியது அடிமையைக் குறிக்கும் பொருள். ஸ்பானிய மொழியில் எழுதிய, எழுதும் கறுப்பின எழுத்தாளர்கள் 'நாங்கள் யார்' என்று கேட்டுக்கொண்ட இடங்களில் எல்லாம் இந்தச் சொல் நேராகவோ மறைவாகவோ வந்து நிற்கிறது. தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் 'தப்பியோடிய அடிமை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அது போதாது என்பது என் கட்சி.

சொல் பிறந்த இடம் இஸ்பானியோலா தீவு. இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் அதே தீவு. கொலம்பஸ் 1493இல் கிளம்பிய இரண்டாம் பயணத்தில் மாடு, பன்றி, குதிரை எல்லாம் கப்பலேற்றிக்கொண்டு போனார். அவற்றில் பல மலைப்பக்கம் ஓடி, ஆளில்லாத காட்டில் பெருகின. அவைதாம் முதல் சிமரோன்கள். பிறகு, ஸ்பானியர்களின் வேலைக் கட்டாயத்துக்குத் தப்பி மலையேறிய, தீவின் பூர்வகுடிகளான தாயினோ மக்களுக்கும் அதே பெயர் சூட்டப்பட்டது. கடைசியாக ஆப்பிரிக்கர்களுக்கு. 1502இல் ஆளுநராக வந்து இறங்கிய நிக்கோலாஸ் தெ ஓவாந்தோ, மறு ஆண்டே, கறுப்பின அடிமைகளை இனி அனுப்ப வேண்டாம் என்று அரசரிடம் கேட்டார். ஓடிப்போய் இந்தியர்களோடு (தீவின் பூர்வகுடிகளை ஸ்பானியர் அப்படித்தான் அழைத்தார்கள்) சேர்ந்துகொள்கிறார்கள், அவர்களுக்கும் கெட்ட பழக்கம் கற்றுக்கொடுக்கிறார்கள், பிடிக்கவே முடிவதில்லை என்பது அவர் முறையீடு. மாடு, இந்தியர், ஆப்பிரிக்கர் என்று சொல் கைமாறிய வரிசையே தோட்ட முதலாளியின் கண்ணுக்கு யார் யார் எப்படித் தெரிந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. என் உடைமை, என் பிடியில் இல்லை, அவ்வளவுதான்.

வேர் எது என்பதில் இரண்டு கட்சி உண்டு. 'சிமா' என்றால் ஸ்பானிய மொழியில் மலை உச்சி. உச்சிக்கு ஓடியவன் சிமரோன் என்பது பழைய விளக்கம். கியூபாவில் பிறந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஹோசே ஹுவான் அர்ரோம் 1980களில் இதை மறுத்தார். தாயினோ மொழியில் 'சிமாரா' என்றால் அம்பு. வில்லை விட்டுப் புறப்பட்ட, மனிதனின் பிடியை மீறிய அம்பு என்ற பொருளிலிருந்து சொல் வந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அர்ரோம் பக்கமே சாய்வு. சொல் முதலில் எழுத்தில் தலைகாட்டுவது ஸ்பெயினில் இல்லை, கரீபியனில். அதே காலத்தில் அதே தீவுகளில் ஸ்பானியர்கள் கேட்டு எடுத்துக்கொண்ட தாயினோ சொற்கள் ஏராளம். புயலைக் குறிக்கும் 'உரகான்' அவற்றில் ஒன்று. ஆங்கிலம் வழியாக நம் வீட்டு அரிக்கேன் விளக்கு வரை வந்துவிட்டது.

சிமரோனும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சில் 'மரோன்', ஆங்கிலத்தில் 'மரூன்' ஆகி ஜமைக்காவின் மலைச் சமூகங்களுக்கும் சூரினாமின் காட்டுச் சமூகங்களுக்கும் பெயரானது. பிளாரிடாவின் செமினோல் பழங்குடியின் பெயரும் இதன் திரிபுதான். புடவைக் கடையில் கேட்கும் மெரூன் கலருக்கும் இதற்கும் உறவில்லை. அது செஸ்ட்நட் என்ற கொட்டைப் பழத்தின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது.

இனி எழுத்துக்கு வருவோம். அடிமையாக இருந்தபடியே ஸ்பானிய மொழியில் தன் வாழ்க்கையை எழுதியவராக நமக்குத் தெரிந்தவர் ஒருவரே: கியூபாவின் ஹுவான் பிரான்சிஸ்கோ மன்சானோ. எழுத்துக் கற்றுக்கொண்ட விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். எஜமான் எழுதிக் கசக்கி எறிந்த தாள்களைப் பொறுக்கி வந்து, மெல்லிய தாளுக்கு அடியில் வைத்து, தெரியும் எழுத்துகளின் மேல் பேனாவை ஓட்டிக் கையைப் பழக்கினார். எஜமானின் கையெழுத்தே அவர் கையெழுத்தானது. உன் நிலைக்குப் பொருந்தாத வேலை, விட்டுவிடு என்று தடையும் வந்தது. தொமிங்கோ தெல் மோந்தே என்ற இலக்கியப் புரவலர் கேட்டுக்கொண்டதால் 1835இல் தன்வரலாற்றை எழுதினார். மறு ஆண்டு தெல் மோந்தேயின் இலக்கிய வட்டத்தினர் பணம் திரட்டி மன்சானோவை விடுதலை செய்தார்கள். நூல் முதலில் அச்சேறியது ஆங்கிலத்தில், 1840இல், லண்டனில். ஸ்பானிய மூலம் வெளிவர 1937 ஆயிற்று.

நூல் முடிகிற இடம்தான் நம் சொல்லுக்கு முக்கியம். நள்ளிரவில் குதிரைக்குச் சேணம் பூட்டுகிறார். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறார். உண்மையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. ஏறப்போகும்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: கடவுள் உன்னை நல்லபடியாகக் கொண்டு சேர்க்கட்டும், வேகமாகப் போ. அத்தோடு கிடைத்த பகுதி முடிகிறது. தொடர்ச்சி தொலைந்துபோயிற்று. சட்டத்தின் கணக்கில் அவர் சிமரோன் ஆகிற நொடியில் எழுத்து நின்றுவிடுகிறது. 1844இல் அடிமைக் கலகச் சதி என்ற பெயரில் நடந்த வேட்டையில் கவிஞர் பிளாசிதோ சுட்டுக்கொல்லப்பட்டார், மன்சானோ சிறைப்பட்டார். வெளியே வந்த பிறகு அவர் எதையும் வெளியிடவில்லை.

அடுத்தவர் எழுதத் தெரியாதவர். எஸ்தெபான் மொந்தேஹோ நூறு வயதைத் தாண்டியபோது, 1963இல், அவரைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்து கியூப எழுத்தாளர் மிகெல் பார்னெட் தேடிப்போனார். உரையாடல்களிலிருந்து 1966இல் வந்த நூலின் தலைப்பிலேயே சிமரோன் இருக்கிறது. மொந்தேஹோ காட்டில் தனியாக வாழ்ந்தவர். வௌவால்கள் மண்டிய ஒரு குகை வீடு. பன்றி திருடுவார், கிழங்கு தோண்டுவார், இலை பறித்துச் சுருட்டுப் புகைப்பார். மற்றத் தப்பியோடிகளை அண்டவே மாட்டார். சிமரோனோடு சிமரோன் சேர்ந்தால் சிமரோனை விற்பான் என்பது அவர் சொல்லும் வழக்கு. காட்டிக்கொடுத்தலுக்கு அவ்வளவு பயம். அடிமை முறை ஒழிந்தது என்ற கூச்சல் கேட்டுத்தான் காட்டை விட்டு இறங்கினார். கியூபாவில் அது 1886.

நூல் முழுக்க 'நான்' என்று பேசுவது மொந்தேஹோ. அட்டையில் பெயர் பார்னெட்டுடையது. ஸ்பானியத் தலைப்பு 'வாழ்க்கை வரலாறு' என்கிறது; ஆங்கில மொழிபெயர்ப்போ 'தன்வரலாறு' என்று மாற்றிவைத்தது. ஒரு கறுப்பரின் குரலுக்கு வெள்ளையர் எழுத்தாளராகலாமா என்ற கேள்வி இந்த நூலோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மன்சானோவின் கையெழுத்துப் படியையும் அக்காலத்தில் வட்டத்து நண்பர் ஒருவர் பிழைதிருத்திப் பளபளப்பாக்கியது நினைவுக்கு வரும். பிழைகளோடு இருக்கும் மூலம்தான் படிக்கத் தக்கது என்பேன். திருத்திய படியில் ஆள் மங்கிவிடுகிறார்.

வசைச்சொல் பெருமைச்சொல் ஆனதற்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி சாட்சி. ஹவானாவின் நான்சி மொரெஹோன் 1975இல் வெளியிட்ட 'கறுப்பினப் பெண்' கவிதையில் ஒருத்தியே கப்பலில் வருகிறாள், தோட்டத்தில் வேலை செய்கிறாள், கலகம் செய்கிறாள், காட்டுக்குப் போகிறாள். தன் உண்மையான விடுதலை, சிமரோன்கள் வேலியடைத்து வாழ்ந்த ஊரான 'பலெங்கே'யில்தான் கிடைத்தது என்கிறாள். சட்டம் அளித்த விடுதலையை அவள் அந்த இடத்தில் வைப்பதில்லை. கொலம்பியாவின் மருத்துவரும் நாவலாசிரியருமான மனுவேல் சபாத்தா ஒலிவெய்யா 1983இல் வெளியிட்ட பெருநாவலில், கார்த்தஹேனாத் துறைமுகத்தை நடுங்கவைத்து 1621இல் கொல்லப்பட்ட சிமரோன் தலைவர் பெங்கோஸ் பியோஹோ பாத்திரமாகவே வருகிறார். அதே கொலம்பியாவில் 1982இல் தொடங்கிய கறுப்பர் உரிமை இயக்கம் தனக்குச் 'சிமரோன்' என்றே பெயர் வைத்துக்கொண்டது. எக்குவடோரின் எஸ்மெரால்தாஸ் எழுத்தாளர்கள் வரை இந்தப் பட்டியலை நீட்டலாம்.

தமிழில் என்ன சொல்வது?

'தப்பியோடிய அடிமை'யில் தலைச்சொல் அடிமை. காட்டில் பத்து ஆண்டு வாழ்ந்தாலும் அவர் இன்னொருவர் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறார். காலனிச் சட்டத்தையோ ஆள்தேடும் விளம்பரத்தையோ மொழிபெயர்க்கும்போது அது சரி. அவை முதலாளியின் எழுத்துகள். மொரெஹோனுக்கு ஆகாது. 'கலகக்காரர்' மொந்தேஹோவுக்குப் பொருந்தாது. குகையில் இருந்த நாட்களில் அவர் யாரையும் எதிர்த்துப் படை திரட்டவில்லை, கண்ணில் படாமல் இருந்தார். 'காட்டுவாசி' பழங்குடிகளோடு குழப்பும். 'மரூன்' என்பதை ஜமைக்கா, சூரினாம் மக்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சொல்லின் முதல் பொருளுக்கு நேரான தமிழ் இலங்கையில் உயிரோடு இருக்கிறது: கட்டாக்காலி. தெருவில் திரியும் கட்டாக்காலி மாடுகளைப் பிடித்து உரிமையாளருக்குத் தண்டம் விதிப்போம் என்று பிரதேச சபைகள் அறிவித்தல் போடும். காலி என்றால் மாடு; ஆழ்வார் பாசுரத்தில் கண்ணன் காலி மேய்க்கிறான். கட்டப்படாத காலி, கட்டாக்காலி. அடங்காமல் ஊர்சுற்றுபவரைத் திட்டவும் அதே சொல் பயன்படுகிறது. மாட்டிலிருந்து மனிதருக்குத் தாவிய அந்தத் தாவலும், ஏளனமும் அப்படியே 'சிமரோன்'. தோட்ட முதலாளியின், அடிமை வேட்டைக்காரனின் வாயில் வரும் இடங்களில் இதைத் துணிந்து போடலாம்.

ஆனால் கட்டாக்காலி கட்டப்படாதது. இவர்கள் கட்டப்பட்டவர்கள், கட்டை அறுத்தவர்கள். மாடு கட்டறுத்துக்கொண்டு ஓடிற்று என்று கிராமத்தில் எல்லாரும் சொல்கிறோமே, அந்த வினையை மனிதருக்கு ஏற்றினால் 'கட்டறுத்தவர்' கிடைக்கிறது. செய்தவர் இவரே என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அடிமை என்ற பெயரும் உதிர்ந்துவிடுகிறது. 'சிமரோனாஹே' என்ற செயல்பெயருக்குக் கட்டறுப்பு. எழுத்தாளர்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் இடங்களுக்கு இதை முன்வைக்கிறேன்.

இதில் நட்டமும் உண்டு. ஸ்பானிய மொழியில் ஒரே சொல் இரண்டு வாயிலும் வருகிறது. எஜமான் எறிந்த கல்லையே எழுத்தாளர் எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார். தமிழில் இரண்டாகப் பிரித்தால் அந்த ஒற்றுமை போய்விடும். ஆகவே இரண்டு பொருளும் மோதிக்கொள்ளும் பனுவல்களில் 'சிமரோன்' என்றே எழுதி, முதல் தடவை மட்டும் விளக்கம் தருவது நல்லது. மொந்தேஹோ நூல் அப்படிப்பட்டது.

'பலெங்கே'யைத் தொடாமல் விடுவதே மேல். மரக்கழி நட்ட வேலி என்பது அதன் அடிப்பொருள்; கட்டறுத்தவர்கள் வேலியடைத்து வாழ்ந்த ஊர்களுக்குப் பெயரானது. முல்லைப்பாட்டின் 'இடுமுட் புரிசை'யை இழுத்து வர எனக்கும் ஆசைதான், ஆனால் அது அரசன் படை இறங்கிய பாசறை வேலி. அதோடு கார்த்தஹேனாவுக்கு அருகே சான் பசிலியோ தெ பலெங்கே என்று ஊரே இருக்கிறது. கிகோங்கோ என்ற ஆப்பிரிக்க மொழியின் கூறுகள் கலந்த சொந்த மொழியை அங்குள்ளவர்கள் இன்றும் பேசுகிறார்கள். தங்களைப் 'பலெங்கேரோ' என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க நமக்கு உரிமை இல்லை.