அட்டவணைத் தொல்லெச்சமும் பட்டியற் கட்டடமும்: சொல் விளக்கம்

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள வில்ட்ஷயர் போன்ற ஊர்ப்புறக் கவுண்டியின் வரலாற்றைப் பற்றிய எந்தக் குறிப்பிலும் 'ஷெட்யூல்டு மான்யுமென்ட்', 'லிஸ்டெட் பில்டிங்' என்னும் இரண்டு தொடர்கள் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். தமிழில் எழுதுவோர் இரண்டையும் 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' என்று ஒரே வாய்பாட்டில் அடக்கிவிடுகின்றனர். பொதுப்பொருளில் இது பிழையாகாது. ஆனால் அங்கே இவ்விரண்டும் வேறு வேறு சட்டங்களில் பிறந்து, வேறு வேறு பொருள்களைக் காப்பவை. ஒன்றுக்கு அனுமதி தருவோர் மற்றொன்றுக்குத் தருவதில்லை. ஆகவே தமிழிலும் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் வேண்டும்.

'ஷெட்யூல்' என்பது இலத்தீனத்தில் பாப்பிரஸ் தாளின் சிறு நறுக்கைக் குறித்த சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் சீட்டையும், பின்னர் ஓர் ஆவணத்தோடு இணைக்கப்பட்ட தனித்தாளையும், அதன்பின் சட்டத்தின் இறுதியில் சேர்க்கப்படும் பெயர் வரிசையையும் அது குறித்தது. இன்று பேச்சில் அதற்கு வழங்கும் 'கால அட்டவணை' என்னும் பொருள் மிகப் பிந்தியது. 'லிஸ்ட்' என்பதும் துணியின் ஓரப் பட்டையையும் நீண்ட துண்டையும் குறித்த ஜெர்மானியச் சொல்லே. இருவேறு மொழிக்குடும்பக் கிளைகளிலிருந்து வந்த இரண்டும் 'நறுக்கு' என்னும் ஒரே கருத்தில் தொடங்கியிருப்பதால், சொற்பிறப்பைக் கொண்டு இவற்றை வேறுபடுத்த இயலாது. சட்ட வரலாறுதான் வேறுபடுத்துகிறது.

அந்த வரலாறு 1882-இல் தொடங்குகிறது. வங்கியாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லபக், தொல்சின்னங்களைக் காக்கும் மசோதாவை 1873 முதல் மீண்டும் மீண்டும் முன்வைத்தார். தனியார் நிலத்தில் அரசு தலையிடுவதா என்ற எதிர்ப்பினால் அது பல ஆண்டுகள் தடைபட்டு, இறுதியில் வலுக்குறைந்த வடிவில் 1882-இல் சட்டமானது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள 68 இடங்களின் பெயர்கள் அச்சட்டத்தின் இணைப்பாக, அதாவது 'ஷெட்யூல்' ஆக, அச்சிடப்பட்டன. ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், ஓல்ட் சேரம் என்னும் பழங்கோட்டை மேடு, ஏவ்பரியின் மண்வரப்பும் கற்களும், வெஸ்ட் கென்னட்டின் நீள் ஈமமேடு, சில்பரி மேடு, டெவில்ஸ் டென் கற்திட்டை, பார்பரி காசில் என்னும் மலைக்கோட்டை ஆகிய வில்ட்ஷயர் இடங்கள் அவ்வரிசையில் அடங்கும். ஏவ்பரியில் வீடுகள் எழுவதைத் தடுக்க லபக் தம் பணத்தில் நிலம் வாங்கியவர். 1900-இல் பிரபுப் பட்டம் பெற்றபோது அவ்வூரின் பெயரையே ஏற்றார். அந்த இணைப்புத்தாளில் பெயர் ஏறியதுதான் 'ஷெட்யூல்டு' என்னும் அடைமொழியின் முழுப் பொருள். ஆயினும் பெயர் ஏறியதனால் உரிமையாளரின் கை கட்டப்பட்டுவிடவில்லை: அவர் உடன்பட்டால் மட்டுமே அரசு அவ்விடத்தை வாங்கவோ காப்பில் எடுக்கவோ முடிந்தது. ஸ்டோன்ஹெஞ்ச் 1915-இல் ஏலத்தில் 6,600 பவுண்டுக்கு விலைபோய், வாங்கிய செசில் சப் 1918-இல் நாட்டுக்குக் கொடையாகக் கொடுக்கும் வரை தனியார் சொத்தாகவே இருந்தது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அமைச்சரின் முன் அனுமதியின்றித் தொடக்கூடாது என்னும் இன்றைய கடுமை 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தினுடையது.

'லிஸ்டிங்' இதைவிட இளையது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குப் பின் எதை இடிக்கலாம், எதை இடிக்கக்கூடாது என்று தீர்மானிக்க வேண்டியிருந்த நிலையில், 1944, 1947-ஆம் ஆண்டுகளின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டங்கள் இதைத் தோற்றுவித்தன. மாற்றம் செய்ய விரும்புவோர் உள்ளூர்த் திட்டமிடல் அமைப்பிடம் இசைவு பெற வேண்டும். ஏறத்தாழ முதல் வடிவிலேயே நிற்கும் 1700-க்கு முந்தைய கட்டடங்கள் எல்லாமும், 1700-க்கும் 1850-க்கும் இடைப்பட்டவற்றுள் பெரும்பாலானவையும் இதில் இடம்பெறும். இங்கே 'கட்டடம்' என்பதன் பொருள் மிக அகலமானது. மைல்கல், தேவாலய முற்றத்துக் கல்லறை, பாலம், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு ஆகியனவும் கட்டடமே. மக்கள் குடியிருக்கும் வீடு பட்டியலில் ஏறலாம். அட்டவணையில் ஏற முடியாது. வழிபாட்டில் உள்ள தேவாலயத்துக்கும் அவ்வாறே. இரண்டிலும் இடம்பெற்றவையும் உண்டு. ஷாஃப்ட்ஸ்பரி மடத்துக்கு உரியதாயிருந்த, பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனின் 14-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியம் அவற்றுள் ஒன்று. அத்தகைய இடத்தில் அட்டவணைச் சட்டமே முந்தும்.

அட்டவணையில் ஏறிய ஈமமேட்டின்மீது ஏர் ஓடலாமா என்பது ஊர்ப்புறத்தில் எழும் கேள்வி. ஓடலாம் என்பதே வியப்பான விடை. முந்தைய 6 ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் சட்டப்படி நடந்த அதே வகை உழவு, முன்னினும் ஆழமாகச் செல்லாதவரை, 1994-ஆம் ஆண்டு ஆணையின்படி பொது அனுமதிக்குள் அடங்கும். அனுமதியின்றி உலோகங்காண் கருவியை அங்கே பயன்படுத்துவதோ குற்றம். கலப்பை செய்யும் சேதத்தை எண்ணினால் இந்த முன்னுரிமை தலைகீழானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, தமிழ்ச் சொற்கள். 'மான்யுமென்ட்' என்பதன் இலத்தீன வேர் நினைவூட்டுதலைக் குறிப்பதால் 'நினைவுச்சின்னம்' அதற்கு நேரான ஆக்கமே. ஆயினும் சில்பரி மேடு யாருடைய நினைவு? 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்த அந்தச் செயற்கைக் குன்றுக்குள் சுரங்கம் தோண்டிப் பார்த்தும் எவருடைய உடலும் கிடைக்கவில்லை. சட்டத்தின்படி குகையும், அகழியும், மண்ணுக்கடியில் மறைந்த அடித்தளமும் 'மான்யுமென்ட்' ஆகையால், பழங்காலத்தார் விட்டுச்சென்று எஞ்சியது என்னும் பொருளில் 'தொல்லெச்சம்' என்பதே பொருந்தும்.

அடைமொழியில்தான் சிக்கல். இந்திய அரசியல் வழக்கில் 'ஷெட்யூல்டு' என்பது முன்பு 'அட்டவணை' என்றும் இப்போது பெரும்பாலும் 'பட்டியல்' என்றும் வழங்குவதால், அதையே பின்பற்றினால் இரண்டும் 'பட்டியல்' ஆகி, வேறுபாடு மறைந்துவிடும். எனவே சட்ட இணைப்பிலிருந்து வந்ததற்கு 'அட்டவணை'யையும், மற்றதற்குப் 'பட்டியலை'யும் ஒதுக்கி, 'அட்டவணைத் தொல்லெச்சம்', 'பட்டியற் கட்டடம்' என்று ஆளலாம். 'பாதுகாக்கப்பட்ட' என்பதை இந்தியாவின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்துக்கே விட்டுவிடுவது நன்று. அங்கே அது சட்டச்சொல். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதியையும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதியையும் அது உடன்கொண்டுவரும். இங்கிலாந்தில் அவ்வாறு அளந்து வைத்த சுற்றெல்லை இல்லை.

பட்டியற் கட்டடங்களுக்கு இங்கிலாந்தில் ஒன்று (I), இரண்டு-உடுக்குறி (II*), இரண்டு (II) என மூன்று 'கிரேடு'கள் உண்டு. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கடைசிக் கிரேடைச் சேர்ந்தவை. இதைத் 'தரம்' என்று பெயர்த்தால் கடைசிக் கிரேடிலுள்ளவை தாழ்ந்தவை, எளிதில் இடிக்கத் தக்கவை என்ற எண்ணம் தோன்றும். மூன்றுக்கும் இசைவு பெறும் கடமை ஒன்றே என்பதால் 'நிலை' என்பதே தக்கது: முதல்நிலைப் பட்டியற் கட்டடம், இரண்டாம்நிலைப் பட்டியற் கட்டடம்.