ஒலிபெருக்கி எதைப் பெருக்குகிறது?

'புத்தக அலமாரி பேச்சாளர்கள், ஒரு ஜோடி, கருப்பு.' இணையக் கடை ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் போன வாரம் படித்த வரி இது. அலமாரித் தட்டில் அடங்குகிற சின்ன ஸ்பீக்கரைத்தான் சொல்கிறார்கள். வேறொரு பக்கத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர், 'ப்ளூடூத் சபாநாயகர்' ஆகியிருந்தது. இவை எந்திரம் பெயர்த்தவை. விற்கிறவர் ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். என் சண்டை இவற்றோடு இல்லை. அகராதி பார்த்து, யோசித்து எழுதுகிறவர்களும் வீட்டு ஸ்பீக்கருக்கு எழுதுகிறார்களே 'ஒலிபெருக்கி' என்று, அதோடுதான்.

பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் லவுட்ஸ்பீக்கர் என்றால் உரக்கப் பேசுவது. தொலைபேசியிலும் தொடக்க கால வானொலியிலும் குழலைக் காதில் வைத்து ஒருவர்தான் கேட்க முடியும். அறையில் இருக்கிற எல்லோர் காதிலும் விழும்படி பேசியது இது. 1898-இல் ஆலிவர் லாட்ஜ் காப்புரிமை வாங்கியது, 1915-இல் கலிபோர்னியாவின் நாபாவில் ஜென்சனும் பிரிதமும் செய்து காட்டியது எல்லாம் முன்னோடிகள். இன்று வீட்டில் இருக்கும் கூம்புத்தாள் ஸ்பீக்கரின் நேர் மூதாதை, 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாக்கும் வெளியிட்ட வடிவம். மலையாளி 'உச்சபாஷிணி' என்று ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டார். கன்னடர் 'த்வனிவர்தக' என்றார். நாமும் கன்னடரைப் போலவே 'ஒலிபெருக்கி' என்றோம். பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை. ஒலியைப் பெருக்குவது ஒலிபெருக்கி. இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பதால் நடுவில் 'ப்' வராது. 'ஒலிப்பெருக்கி' என்று எழுதுவது பிழை.

சொல்லின் இலக்கணம் சரி. பொருள்தான் சரியில்லை. மூன்று கருவிகள் வரிசையாக நிற்கின்றன. ஒலியை வாங்கி மின்சாரமாக்குவது மைக். அதற்கு ஒலிவாங்கி என்ற அருமையான சொல் இருக்கிறது. அந்தச் சின்ன மின்சாரத்தைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபையர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதைத்தான் 'பெருக்கி' என்கின்றன, இலங்கையில் 'விரியலாக்கி'. கடைசியில் நிற்கிற ஸ்பீக்கர், பெரிதாக்கி வந்த மின்சாரத்தை மறுபடி ஒலியாக்குகிறது. அது எதையும் பெருக்குவதில்லை.

பெருக்குவதில்லை என்பதுகூடக் குறைவு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 90 டெசிபல் தருகிற ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான். ஆனால் வாங்கிய மின்சாரத்தில் அது ஒலியாக்குவது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. மிச்சமெல்லாம் கம்பிச்சுருளில் சூடாகிப் போகிறது. நூற்றில் தொண்ணூற்றொன்பதைத் தொலைக்கிற ஒன்றுக்குப் 'பெருக்கி' என்று பேர் வைத்திருக்கிறோம்.

'வழக்கில் நிலைத்துவிட்டது, விடேன்' என்பார்கள். விட்டுவிடுவேன், அந்தச் சொல் கேடு செய்யாமல் இருந்தால். என் பெரிய மாமாவுக்கு எழுபத்து மூன்று வயது. நாதஸ்வரமும் பழைய வாய்ப்பாட்டும்தான் அவருக்கு உயிர். கையில் பணம் சேர்ந்ததும் நல்லதாக ஒரு செட் வாங்க ஆசைப்பட்டுத் தனியாகவே கடைக்குப் போய் வந்தார். "ஏம்மா, அட்டைப்பெட்டியில 'ஒலிபெருக்கித் திறன் 4000 வாட்'னு போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் பார்த்தேன். அது சுவரிலிருந்து இழுக்கிற மின்சாரமே 60 வாட். அந்த 4000, கணநேர உச்சத்தைச் சொல்கிற பிஎம்பிஓ என்ற கணக்கு; பொதுவாக ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் அதற்குக் கிடையாது. பாட்டைப் போட்டோம். தவில் 'தொப் தொப்' என்று அறையை நிறைத்தது. நாதஸ்வரம் எங்கேயோ பின்னால் மூக்கடைத்துக்கொண்டு ஒலித்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஒலியளவைக் கொஞ்சம் கூட்டினார், பிறகு குறைத்தார், பிறகு அணைத்தார்.

அவர் மேல் தப்பில்லை. 'பெருக்கி' என்ற பேரோடு ஒன்று வந்தால் எவ்வளவு பெருக்கும் என்றுதான் யாரும் கேட்பார்கள். வீட்டுக்கு ஸ்பீக்கர் தேர்கிறவர் கேட்க வேண்டியது அதை இல்லை. என் பாட்டை இது எப்படித் தருகிறது என்று கேட்க வேண்டும். பிபிசி 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைக்க ஒரு குட்டி ஸ்பீக்கரைச் செய்தது, எல்எஸ்3/5ஏ என்று பேர். முப்பது செண்டிமீட்டர் உயரம், டெசிபல் கணக்கில் 83-ஐக்கூடச் சரியாகத் தொடாது. பெருக்குவதைப் பார்த்தால் கடைசி வரிசைதான். மனிதக் குரலுக்கு அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். பால் கிளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் இதற்கு நேர் எதிர்: ஆள் நெஞ்சுயரம், அறை மூலையில் நிற்கும், ஒரு வாட்டுக்கே நூறு டெசிபலைத் தாண்டும். பித்தளைக் குழல் வாத்தியங்களை அரங்கத்தில் கேட்கிற வேகத்தோடு கேட்க விரும்புகிறவருக்கு அது. இரண்டையும் 'ஒலிபெருக்கி' என்ற ஒரே சொல்லால் அழைத்து வாட்டை மட்டும் ஒப்பிட்டால், எது யாருக்கு என்று எப்படித் தெரியும்?

'இப்போதெல்லாம் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கருக்கு உள்ளேயே இருக்கிறதே, அப்போது ஒலிபெருக்கி சரிதானே' என்று நண்பர் ஒருவர் மடக்கினார். இது இன்று வந்த புதுமையில்லை. 1926-இல் விற்பனைக்கு வந்த ரேடியோலா 104 என்ற ஸ்பீக்கரிலேயே ஆம்ப்ளிஃபையர் உள்ளேதான் இருந்தது. ஒரு பெட்டிக்குள் இரண்டு பொருள் இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பெட்டிக்குள் பெருக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஒலிபெருக்கியை ஒழிக்கச் சொல்லவில்லை. திருவிழாப் பந்தலில் மைக், ஆம்ப்ளிஃபையர், கூம்புக் குழாய் எல்லாம் சேர்ந்த மொத்த ஏற்பாட்டுக்கு அது பொருத்தமான பேர். அங்கே ஒருவர் பேச்சு ஊருக்கே பெருகுகிறது. 'கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்குத் தடை' என்று செய்தித்தாள் எழுதும்போது எல்லோருக்கும் புரிகிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு என்ன சொல்? 'ஒலிப்பான்' என்கிறார்கள் சிலர். பேருந்தின் காற்று ஒலிப்பான் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அமைதியாக வீணை கேட்கிற கருவிக்கு ஹாரனின் பேர் வேண்டாம். 'ஒலிபரப்பி' என்றால் வானொலி நிலையம் வந்து குழப்பும். தமிழர் வீட்டிலேயே விடை இருக்கிறது: சுருதிப்பெட்டி, ஆர்மோனியப் பெட்டி, பாட்டுப்பெட்டி, ரேடியோப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி. ஒலி தருகிற எத்தனையோ கருவிகளை நாம் பெட்டி என்றே அழைத்து வந்திருக்கிறோம். பழுது பார்க்கிற கடையிலும் 'ரெண்டு பெட்டியும் கொண்டாந்தீங்களா' என்றுதான் கேட்கிறார்கள். ஒலிப்பெட்டி. ஒலியைத் தரும் பெட்டி. உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஆகவே இங்கே 'ப்' மிகும். 1957-இல் வந்த குவாட் நிறுவனத்தின் நிலைமின் தகடு ஸ்பீக்கருக்குப் பெட்டியே கிடையாதே என்று கேட்டால், அதை ஒலிப்பலகை என்போம். பார்க்கவும் பலகை போலத்தான் இருக்கும்.

இதைவிட என்னை வருத்துவது, ஒலியின் குணத்தைச் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர்கள் செய்கிற வேலை. 'வெதுவெதுப்பான ஒலி', 'பிரகாசமான ஒலி'. ஒலியை யார் தொட்டுப் பார்த்தார்கள்? கச்சேரி கேட்டு வளர்ந்த மொழி இது. கார்வையான குரல் என்று சொன்னால் அடியில் கனமும் நீளமும் உள்ள குரல் என்று பாட்டிக்கும் தெரியும். கணீரென்ற குரல், கம்மிய குரல், கரகரத்த குரல், கும்மென்ற ஓசை, இழைகிற தந்தி: ஒவ்வொன்றும் ஒரு ஒலிப்பெட்டியின் குணத்தை அப்படியே சொல்லும். 'இந்தப் பெட்டி கணீரென்று இருக்கும், ஆனால் கார்வை குறைவு' என்று எழுதிப் பாருங்கள். எந்த விளக்கமும் வேண்டாம்.

இந்தச் சொற்களோடுதான் மாமாவைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது தடவை வேறு கடைக்குப் போனேன். அவருக்குப் பாடமான மூன்று பதிவுகளை மட்டும் எடுத்துப் போனோம். மிருதங்கத்தின் தொப்பி 'தொம்' என்று விழுந்து அடங்குகிறதா, இல்லை பெட்டியே சேர்ந்து அதிர்கிறதா? பாடகர் 'ச' சொல்லும் இடத்தில் காதைக் குத்துகிறதா? தம்புரா குரலுக்குப் பின்னால் தொடர்ந்து கேட்கிறதா? நான்காவதாகக் கேட்ட ஜோடியில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். 87 டெசிபல் என்று போட்டிருந்தது. 90 போட்ட பெட்டி தருகிற சத்தத்தைத் தர இதற்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும் என்றேன். "நான் என்ன பந்தலா போடப் போறேன்?" என்றார்.

வீட்டில் முதல் நாள் தவில் மறுபடி கும்மென்று அடைத்தது. பெட்டிகள் சுவரை ஒட்டி இருந்தன; ஒட்டி வைத்தால் அடியொலி ஏறும். அரை மீட்டர் முன்னால் நகர்த்தியதும் நாதஸ்வரம் தவிலிலிருந்து பிரிந்து தனியாக நின்றது. இப்போது கூடம் பெருக்குகிற பெண்ணிடம் மாமா தினமும் சொல்கிறார்: "அம்மாடி, பெட்டியை மட்டும் நகர்த்திடாதே."