"நாலு புத்தி சொல்லி அனுப்புங்க"

இந்த மாதத்தில் இது நான்காவது முறை. தட்டாமலே என் அறைக் கதவு திறக்கிறது. ஓர் ஆசிரியர், அவருக்குப் பின்னால் தலைகுனிந்தபடி ஒரு மாணவன். "கிளாஸ்ல தூங்கித் தூங்கி விழறான். கேட்டா முறைக்கிறான். நாலு புத்தி சொல்லி அனுப்புங்க." சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்கிறார். பத்து நிமிடத்தில் பழுது பார்த்துக் கையில் கொடுத்துவிடுவேன் என்று நினைக்கிறார் போல.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை பார்க்கும் கவுன்சிலர் நான். பலமுறை நேரில் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனி எழுதித்தான் ஆகவேண்டும்.

புத்தி சொல்வது என் வேலை இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஆளா இல்லை? வீட்டில் சொல்லியாயிற்று, வகுப்பில் சொல்லியாயிற்று, விருந்துக்கு வந்த உறவினர்கூடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஒழுங்காகப் படி, போனைக் கீழே வை, சீக்கிரம் தூங்கு. இதில் எது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது? படித்தால்தான் நல்லது என்பது தெரியாமல் என் அறைக்கு வந்த ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தெரிந்தும் ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி. பாதிக் குற்றம் எங்கள் பெயரில் இருக்கிறது. 'ஆலோசகர்' என்று கதவில் பலகை மாட்டினால் ஆலோசனை சொல்கிறவர் என்றுதானே நினைப்பார்கள்.

அப்படியென்றால் என்னதான் செய்வீர்கள் என்கிறீர்களா? கேட்பேன். அந்தச் சொல்லுக்கு உள்ள இரண்டு பொருளிலும்தான்.

அந்த மாணவனையே எடுத்துக்கொள்வோம். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆசிரியரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். முதுகிலிருந்த பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பை வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். எல்லாரிடமும் முதலில் சொல்வதை அவனிடமும் சொன்னேன்: இங்கே பேசுவது வெளியே போகாது. உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், உன்னை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றாலும் மட்டும் உதவிக்கு ஆள் சேர்ப்பேன். முடிந்தவரை அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே செய்வேன்.

"பேசாம இருக்கலாமா?" என்றான். இருக்கலாம் என்றேன். இருபது நிமிடம் அப்படியே இருந்தோம். (என் அறையில் கடிகாரம் மாணவரின் முதுகுப் பக்கச் சுவரில் இருக்கும். நேரம் எனக்குத் தெரியவேண்டும், நான் நேரம் பார்ப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது.)

மூன்றாவது முறை வந்தபோதுதான் பையைக் கீழே வைத்தான். வீட்டில் இரவுதோறும் சண்டை. அது ஓய்ந்து கடைசிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை விழித்திருப்பானாம். இடையில் தங்கை எழுந்து அழுதால் இவன்தான் சமாதானப்படுத்த வேண்டும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவனுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். அவனிடம் போய் "சீக்கிரம் தூங்கு" என்று புத்தி சொல்லியிருந்தால், சரி என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். அப்புறம் ஒருநாளும் வாய் திறந்திருக்க மாட்டான்.

பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசினேன். முதல் கேள்வி, எதிர்பார்த்ததுதான்: "எங்களைப் பத்தி என்ன சொன்னான்?" எதைச் சொல்லலாம் என்று அவனிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அதை மட்டும் சொன்னேன். அதற்கு மேல் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய் அவனையும் குடையாதீர்கள்.

இன்னொன்று. ரகளை செய்கிறவர்களையும் மார்க் குறைந்தவர்களையும்தான் என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்பது பேர் வகுப்பில் ஐந்தாறு பேர். அவர்களில் சிலர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, எல்லா வீட்டுப்பாடத்தையும் முடித்து, 'தங்கமான பிள்ளை' என்று பெயர் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் அழைத்து வருவதில்லை. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கத்தின் பரிந்துரை. அதைப் போல எத்தனை மடங்கு பிள்ளைகளை ஒருவர் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதை உங்கள் பள்ளியிலேயே விசாரித்துப் பாருங்கள். நானே தேடிப்போய் எல்லாரையும் கண்டுபிடிக்க முடியாது.

எந்தப் படிப்பு எடுக்கலாம் என்று கேட்டு வரலாமா? தாராளமாக. எங்கள் தொழிலின் வேரே அதுதான். 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டி நிலையத்திலிருந்துதான் கதை ஆரம்பிக்கிறது. அவரும் முதலில் இளைஞர்களைத் தங்களைப் பற்றி யோசிக்கவைத்தார், வேலைப் பட்டியலை நீட்டவில்லை. அதனால் பிள்ளை மட்டும் வரட்டும், அவன் சார்பில் பதில் சொல்ல நீங்கள் கூட வரவேண்டாம்.

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று ஒரு பிள்ளை சொன்னாலோ, பிரியமான பொருளையெல்லாம் நண்பர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, நாடகம் என்று ஒதுக்காதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, கேட்டதும் மூச்சு விட்டு அழுத பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், மருந்து மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு என்னிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்க வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். கையைப் பிடித்து இழுத்து வராதீர்கள். வகுப்பு நடுவில் எல்லார் காதிலும் விழும்படி "கவுன்சிலர்கிட்ட போ" என்று சொல்லாதீர்கள். தனியே கூப்பிட்டு, "எனக்குக் கவலையா இருக்கு, அவங்ககிட்ட பேசிப் பார்க்கிறியா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். அப்புறம், கதவைத் தட்டுங்கள். உள்ளே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

அந்த மாணவன் இந்த வியாழக்கிழமையும் வருகிறான். முதல் பீரியடில் இப்போதும் சில நாள் தூங்குகிறானாம். தூங்கட்டும் என்று அந்த ஆசிரியரிடம் பேசி வைத்திருக்கிறேன்.