செமிபிரைம்: தமிழில் என்ன சொல்வது?

இரண்டு முதன்மை எண்களைப் (பிரைம்) பெருக்கினால் வரும் எண் செமிபிரைம். 15 (3×5), 91 (7×13) அப்படிப்பட்டவை. இரண்டும் ஒரே எண்ணாகவும் இருக்கலாம்: 25 = 5×5. 12 சேராது, 2×6 என்று நிறுத்தினால் 6 இன்னும் உடையும்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பாடநூலில் 'முதன்மை எண்', 'சேர்த்தி எண்'. தமிழ்நாட்டுக் காணொளியைத் திறந்தால் 'பகா எண்', 'பகு எண்'. பொருள் ஒன்றுதான். 'முதன்மை', பிரைம் என்பதன் நேர்ப்பெயர்ப்பு: லத்தீன் பிரைமஸ், கிரேக்கத்தில் புரோட்டோஸ், இரண்டுக்கும் 'முதலாவது' என்பதே பொருள். 'பகா' நன்னூலின் பகுபதம், பகாப்பதத்தோடு ஒட்டியது. நல்லூர் நாவலரின் காண்டிகையுரையில் நன்னூல் படித்த ஊருக்கு அது புதிதல்ல. எண்ணை என்ன செய்து பார்க்க வேண்டும் என்பதையும் 'பகா' சொல்லிவிடுகிறது. ஆனாலும் இங்கே பரீட்சைத் தாளில் 'முதன்மை' என்றே எழுதுங்கள். ஒரு பொறி: 1 'முதல்' எண், பகாததும்கூட, ஆனால் முதன்மை எண் அல்ல. சரியாக இரண்டு காரணிகள் இருக்க வேண்டும், 1க்கு இருப்பது ஒன்றே.

சரி, செமிபிரைமுக்கு? 'செமி' என்றால் அரை என்று பார்த்து 'அரைமுதன்மை' என்றால் பொருள் கெடும். பாதி முதன்மையான எண் என்று ஒன்று இல்லை. 'இரட்டை முதன்மை' என்றால் 11, 13 போல இரண்டு தள்ளி நிற்கும் சோடி நினைவுக்கு வரும். 'இருமுதன்மைப் பெருக்கம்' சற்று நீளம், ஆனால் பிழையில்லை. தமிழ்நாட்டுச் சொல்லை வைத்தால் 'இருபகாப் பெருக்கம்' எனலாம்.

ஒரு செமிபிரைமின் இரண்டு முதன்மைக் காரணிகளைக் கண்டுபிடிக்க 4399ஐ எடுப்போம். வர்க்கமூலம் 66.3 அளவு, ஆகவே 61 வரையான முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2, 3, 5, 7 என்று போனால் 16ஆவது முறை 53 மீதியின்றி வகுக்கும். பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் வழி இதற்குக் குறுக்கு: எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதுவது. வர்க்கமூலத்துக்கு மேலுள்ள முழு எண்ணிலிருந்து தொடங்குங்கள்: 67² − 4399 = 90, வர்க்க எண் அல்ல. 68² − 4399 = 225 = 15². 4399 = 68² − 15², எனவே காரணிகள் 68 − 15 = 53, 68 + 15 = 83.

காரணிகள் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால்தான் இந்த வேகம். 3027 = 3×1009; இதை இவ்வழியில் 56இலிருந்து தொடங்கினால் 506 வரை, 451 முறை பார்க்க வேண்டும். அதனால் முதலில் 2, 3, 5, 7ஆல் வகுத்துவிட்டு, ஒற்றை எண்ணாக மிஞ்சுவதற்கே ஃபெர்மா. பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடும் படி கடைசியில் வருகிறது: கிடைத்த இரண்டும் முதன்மையா என்று பார்ப்பது. முன்னதாக வகுக்காமல் 315ஐ எடுத்தால் 18² − 315 = 9 = 3² என்று அழகாக வரும்; காரணிகள் 15, 21, இரண்டுமே சேர்த்தி எண்கள். 53ஐயும் 83ஐயும் 2, 3, 5, 7ஆல் வகுத்துப் பார்த்தால் போதும்; 11² = 121, இரண்டையும் தாண்டிவிடுகிறது.