ஷோகேஸை நகர்த்திப் பார்த்திருக்கிறீர்களா?

ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஏம்மா, வீடு அழகு பண்றது நீங்கதானா? ஆவணி கடைசியில பொண்ணு பார்க்க வராங்க. கையில இருபதாயிரம் இருக்கு. ஹாலை மட்டும் நாலு பேர் பார்க்கற மாதிரி பண்ணிக் குடுங்க."

இந்த மாதிரி போன் எனக்கு மாதம் ரெண்டு மூணு வரும். டிப்ளமோ சிவில் முடித்து, முதலில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட்டில் வேலை பார்த்து, பிறகு தனியாக உள்அலங்கார வேலைக்கு வந்தவள் நான். பதினேழு வருஷமாகிறது. பெரிய பட்ஜெட் வேலையில் யோசிக்கவே வேண்டாம், கேட்லாக்கைப் புரட்டிக் கை காட்டினால் போதும். இருபதாயிரத்துக்குத்தான் மூளையைக் கசக்க வேண்டும். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

போய்ப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி ஹால். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஷோகேஸ், அதற்குள் பரிசாக வந்த டம்ளர் செட், பிளாஸ்டிக் பூ, ஓடாத கடிகாரம் ரெண்டு. சுவருக்குச் சுவர் காலண்டர். எனக்கு முன்னால் வந்த ஒருவர் ஃபால்ஸ் சீலிங்குக்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 168 சதுர அடி, சதுர அடி நூறு ரூபாய், ஆக 16,800. மீதி மூவாயிரத்துச் சொச்சத்தில் சுவருக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்றாராம். பத்தடி உயர ஹாலில் முக்கால் அடியைக் கீழே இறக்கி, மின்விசிறியைத் தலைக்கு மேல் கொண்டுவருவதற்கு இவ்வளவு செலவு. நம் ஊர் மே மாத வெயிலுக்கு அந்த முக்கால் அடி காற்று எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே படுத்துத் தூங்குகிறவர்களுக்குத் தெரியும்.

"முதல்ல ஷோகேஸை நகர்த்துங்க" என்றேன்.

மூணு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். பின்னால் மேற்குச் சுவர் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் அப்பளமாய்ப் பொரிந்து நின்றது. தொட்டால் வெள்ளை மாவு கையோடு வந்தது. அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதை மறைக்கத்தான் ஷோகேஸையே அங்க போட்டோம்" என்றார்.

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அந்த வார்த்தையால்தான். நான் பார்க்கிற பத்து வீட்டில் ஆறு வீட்டில், அலங்காரம் என்ற பேரில் நடப்பது குறையை மூடுகிற வேலை. செங்கல் மாதிரி தெரிகிற ஃபோம் ஸ்டிக்கர், பிவிசி பேனல், வால்பேப்பர் எல்லாம் ஓதச் சுவருக்கு மேல் போய் உட்காருகின்றன. உள்ளே ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை பிடிக்கும். ஆறு மாதத்தில் ஓரம் தூக்கும், ஒரு வருஷத்தில் வாடை வரும். அப்புறம் பேனலையும் பிய்த்து, பூச்சையும் கொத்தி, ரெண்டு செலவு.

அந்த வெள்ளை மாவு என்ன என்று பலருக்குக் குழப்பம். சுண்ணாம்பு உதிர்கிறது என்பார்கள். அது உப்பு. செங்கல்லிலும் மணலிலும் கொஞ்சம் உப்பு இருக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரிலும் உப்பு அதிகம். ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துக்கும் வந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில்தான் வீடும் கட்டுகிறோம். சுவருக்குள் ஈரம் ஓடும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் முகப்பில் தங்கிப் பூக்கும், பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளும். அதன் மேல் எத்தனை கோட் பட்டி பார்த்தாலும் நிற்காது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ரெண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை. பழையபேட்டை வீட்டில் உள்பக்கம் முத்து முத்தாய் நின்றது. மாடிக்கு ஏறினேன். மழைத்தண்ணீர்க் குழாய் வளைகிற இடத்தில் மாட்டும் எல்போ உடைந்து, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் மேற்குச் சுவரில் நேராக வழிந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

குழாயை மாற்றினோம். உப்பை ஈரம் படாமல், காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். உதிர்ந்த இடத்தைக் கொத்திப் புதுப்பூச்சு பூசி, ஏழு நாள் தண்ணீர் தெளித்துவிட்டு, அப்படியே காய விட்டோம். சிமென்ட் பூச்சு பெயின்ட்டுக்குத் தயாராக நாலு வாரம் வேண்டும். நல்ல வேளையாக நாற்பது நாள் கையில் இருந்தது. தண்ணீர் தெளிப்பதை நிறுத்திய நாலாவது நாளே பெயின்டர் வந்து நின்று "ஆரம்பிச்சிடலாம் மேடம், காஞ்சிடுச்சு" என்றார். திருப்பி அனுப்பினேன். அவருக்கு என் மேல் கோபம் இன்னும் இருக்கிறது.

காத்திருந்த நாட்களில் காசு செலவில்லாத வேலையை முடித்தோம். ஹாலில் இருந்த எல்லாவற்றையும் பின்கட்டில் கொண்டு வைத்து, ஒரு வாரத்தில் எது இல்லாமல் கை தவித்ததோ அதை மட்டும் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். நாற்காலி நாலு, டிவி, சாமி படம், தாத்தா போட்டோ. அவ்வளவுதான் வந்தது. ஷோகேஸ் உறவுக்காரர் வீட்டுக்குப் போனது.

பெயின்ட்டைப் பற்றி ஒரு கணக்கு, கடைக்காரர் சொல்கிற அளவை அப்படியே வாங்காமலிருக்க. சாதாரண இன்டீரியர் எமல்ஷன் ஒரு லிட்டர், ரெண்டு கோட்டுக்கு அறுபதிலிருந்து எழுபது சதுர அடி வரும். அந்த ஹாலின் நாலு சுவரும் 520 சதுர அடி. கதவு, சன்னல், அலமாரி கழித்தால் 420. ஆறரை லிட்டர் போதும். கடையில் பத்து லிட்டர் பக்கெட்டை எடுத்து வைத்திருந்தார்கள்.

நிறம் மூணு சுவருக்கு மோர் வெள்ளை. நாலாவது சுவருக்கு, நம் செம்மண் காட்டை மழை பெய்த மறுநாள் பார்த்தால் தெரியுமே, அந்தக் காவி. அந்தச் சுவரில் அலங்காரமாக எதையும் வாங்கி மாட்டவில்லை. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. குதிரை மேல் உட்கார்ந்து ஈட்டி ஓங்கும் ஆட்கள், நாலே கோட்டில். பெண் நன்றாகக் கோலம் போடுவாள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். பிரைமர் மீதியில் வெள்ளையைக் கலக்கி, ஒரு மத்தியானத்தில் கதவுக்கு மேலே வரிசையாய் வரைந்துவிட்டாள். கை கொஞ்சம் நடுங்கிய இடங்கள் தெரியும். அதுவே அழகு.

பழைய வீட்டில் சன்னலைச் சுரண்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாகப் பச்சை, மஞ்சள், சிவப்பில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. எனவே தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அந்த வீட்டில் மூத்த மகளின் ரெண்டு வயதுப் பையன் இருந்தான். சன்னல் வேலை நடந்த ரெண்டு நாளும் அவனைக் காவேரிப்பட்டணத்துக்கு, அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய வசதிக்கு வருகிறேன். கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் அறுக்கிற பட்டறைகளுக்கு வெளியே துண்டுகள் மலையாய்க் கிடக்கும். ஊதாவும் சாம்பலும் அலையலையாய் ஓடும் பாரடைசோ என்கிற கிரானைட் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது. ஒரு மூலை உடைந்த பலகை பட்டறை வாசலில் வெயில் காய்கிறது. நாம் அதைத் தாண்டிப்போய் ஹோசூரில் பிளைவுட் அலமாரி வாங்குகிறோம். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இங்கிலாந்தின் பிர்மிங்ஹாமில் பிறந்து கேரளத்தில் வீடுகள் கட்டியவர். அடுத்தவர் தூக்கிப்போட்ட கதவுகளையும் ஓடுகளையும் தேடித் தேடிச் சேர்த்துக் கட்டினார். அவருக்கு 1990-ல் பத்மஸ்ரீயே கொடுத்தார்கள். நமக்குத் துண்டுக் கல் வாங்கக் கூச்சம்.

அளவை எழுதிக்கொண்டு வேலை நாளில் காலையிலேயே போங்கள். ஆள் கூட்டமில்லாதபோது அங்கேயே ஓரம் அறுத்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். எடையை மட்டும் மறக்காதீர்கள். 18 மி.மீ. கல் சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ. மூணடி நீளம், முக்கால் அடி அகலமுள்ள ஒரு தட்டே பத்து கிலோ. அதன் மேல் சாமான் வேறு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் இரும்பு ஆங்கிள் வைத்து ஆங்கர் போல்ட் போட்டால் நிற்கும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரிலும் ஹாலோ பிளாக்கிலும் பிளாஸ்டிக் பிளக்கை நம்பி மாட்டவே வேண்டாம். பசை போட்டு ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், வேலையையே அவரிடம் கொடுக்காதீர்கள். தர்மபுரியில் ஒரு வீட்டில் அப்படி ஒட்டின தட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தது. கீழே தொட்டில் கட்டுகிற இடம். அன்றைக்குக் குழந்தை ஊரில் இல்லை.

பழையபேட்டை ஹாலில் சன்னலுக்குக் கீழே நாலடி நீளக் கல்லைத் திண்ணையாகப் போட்டோம். கிரானைட் எவ்வளவு சுமையையும் தாங்கும் என்று நினைப்போம். நசுக்கும் சுமையைத்தான் தாங்கும், வளைக்கும் சுமைக்குப் பட்டென்று விட்டுவிடும். அதனால் ரெண்டு முனையில் மட்டும் நிறுத்தாமல் நடுவிலும் ஒரு செங்கல் தூண். மூணு பேர் உட்காரலாம், சோபா செலவு மிச்சம். அந்தத் தூண்களுக்கு நடுவில் செருப்பு, பழைய பேப்பர் போய்விடும்.

ஹோசூர் தொழிற்சாலைகளிலிருந்து பழைய சாமான் கடைக்கு வரும், சரக்கு அடுக்க அடியில் வைக்கிற பைன் மரப் பேலட்டும் மலிவு. டீப்பாய்க்கு ஒன்று வாங்கினோம். வாங்கும்போது மரத்தில் குத்தியிருக்கிற முத்திரையைப் பாருங்கள். கதிர் படத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் HT என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுக்கலாம். MB என்றிருந்தால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, வீட்டுக்கு வேண்டாம். எண்ணெய்க் கறை, மருந்து வாடை இருக்கிற எதுவும் வேண்டாம்.

திரைச்சீலைக்குக் கடைக்கே போகவில்லை. புடவை ஐந்தரை மீட்டர். ஏழடித் திரை ரெண்டு வெட்டி, மடிப்புத் தைத்தது போக, குஷன் உறைக்குத் துண்டு மிஞ்சும். புடவை அகலம் நாற்பத்தைந்து அங்குலம் என்பதால் நாலடிச் சன்னலுக்கு ரெண்டு திரையும் நல்ல சுருக்கத்தோடு விழும். பருத்திப் புடவையாக எடுங்கள். மேற்குச் சன்னலானால் பழைய வேட்டியைச் சன்னல் பக்கம் வைத்துத் தையுங்கள், வெயிலில் புடவை வெளுக்காது. அடுப்புப் பக்கம் நைலக்ஸ் புடவையும் கூடாது, ஃபோம் ஸ்டிக்கரும் கூடாது, தீப்பிடிக்கும்.

விளக்கு விஷயத்தில் ஒரே வரி: பெட்டியில் 6500 கே என்று போட்டிருக்கும் பல்பு ஆஸ்பத்திரி வெளிச்சம், 3000 கே சாயங்கால வெளிச்சம். படிக்கிற இடத்துக்கு முதலாவதை வைத்துக்கொண்டு, காவிச் சுவருக்கு ரெண்டாவதில் ஒன்பது வாட் ரெண்டு மாட்டினோம்.

கணக்கைக் கடைசி நாள் அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். குழாய், மேஸ்திரி, பூச்சு 5,200. பெயின்ட் சாமான் 3,500, பெயின்டருக்கு நாலு நாள் 4,400. கல், ஆங்கிள் 2,300. விளக்கும் எலக்ட்ரீஷியன் கூலியும் 1,150. திரை ராடு, தையல் 1,400. பேலட் 600. என் கூலியை நான் தனியாகத்தான் பேசியிருந்தேன், அதைத் தவணையில் கொடுக்கிறார். கூட்டினால் 18,550 வந்தது. மீதி 1,450 ரூபாயைக் கேசரிக்கும் பஜ்ஜிக்கும் பூவுக்கும் எடுத்து வைத்தார்.

பெண் பார்க்க வந்த அன்று ராத்திரி போன். "மாப்பிள்ளையோட அம்மா அந்தத் திண்ணைக் கல்லையே தடவித் தடவிப் பார்த்தாங்கம்மா. எந்தக் கடைன்னு கேட்டாங்க." என்ன சொன்னீர்கள் என்றேன். "பட்டறை வாசல்ல பொறுக்கினதுன்னு சொல்ல வாய் வரலை. எங்க வீட்டுக்காரரு முந்திக்கிட்டு உண்மையைச் சொல்லிட்டாரு. அந்தம்மா அளவு குறிச்சிட்டுப் போயிருக்காங்க."